கேரவெல்லுக்குக் காத்திருந்தவர்களின் காற்று

கேரவெல் பைக்குக்காகக் காத்திருந்தவர்கள் மேல் காற்று அடிக்கத் தொடங்கியது மாசி மாதத்தில், மேற்கு மலையிலிருந்து ஓர் இலையை அசைக்கும் அளவுக்குக்கூடக் காற்று இறங்காமல், போடிநாயக்கனூர் முழுக்க ஏலக்காய் வாசமும் வெயிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அது முதலில் அடித்தது மீனலோசனி டீச்சர் மேல்.

டீச்சர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது காலை நீட்டி மடக்கி நீட்டி மடக்கிப் பயிற்சி செய்துகொண்டே, கையிலிருந்த செல்போனில் கேரவெல்லின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு முழத் தூரத்தில் முகத்துக்கு நேராக எங்கிருந்தோ காற்று பிறந்து, நெற்றி முடியைப் பின்னால் தள்ளி, காதுகளில் ஹோவென்று இரைந்து, முந்தானையைக் கொடிபோலத் தூக்கிக்கொண்டு போனது. எதிரே உட்கார்ந்திருந்த அவர் கணவர் தவசிலிங்கத்தின் கையிலிருந்த செய்தித்தாள் கொஞ்சமும் அசையவில்லை. அவர் தாளுக்கு மேலாகப் பார்த்தார்.

"சேலைய இழுத்துச் சொருகு மீனா. பின்னாடி அடுப்பு எரியுது."

டீச்சர் சொருகிக்கொண்டார். காற்று நிற்கவில்லை. எழுந்து திரும்பினால் அதுவும் கூடவே திரும்பியது. நடந்தால் கூட நடந்தது. அது மின்விசிறிக் காற்றோ ஜன்னல் காற்றோ இல்லை, நாலாவது கியரில் நேர்ச்சாலையில் போகும்போது நெஞ்சில் வந்து சாய்கிற காற்று என்பது, அப்படிப்பட்ட காற்றை விட்டு இரண்டு வருடமாக விலகியிருந்த அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்று பள்ளிக்கூடத்துக்குக் கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு போனார்.

மீனலோசனி டீச்சர் பெண்கள் பள்ளியில் விலங்கியல் எடுப்பவர். கல்லூரிக் காலத்திலிருந்து பைக் ஓட்டியவர். போடிமெட்டு மலைச்சாலையின் வளைவுகளைத் தன் வீட்டு மாடிப்படிபோல ஏறி இறங்கியவர். ஒருநாள் லாரி சிந்திவிட்டுப் போன ஜல்லியில் சக்கரம் சறுக்கி விழுந்து, இடது முழங்காலில் இரும்புத் தகடு வைக்கவேண்டியதாகிவிட்டது. இனி அந்தக் கால் நாற்காலியில் உட்காரும் அளவுக்குத்தான் மடங்கும் என்று மருத்துவர் சொன்னார். குனிந்து படுத்து ஓட்டுகிற பந்தய வண்டிகளுக்கு அந்தக் கால் ஒத்துவராது. சாய்ந்து உட்கார்ந்து ஊர்வலம்போல ஓட்டுகிற வண்டிகளை டீச்சருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. சும்மா ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் ஹெல்மர் கம்பெனி கேரவெல்லை அறிவித்தது: பந்தய வண்டியின் ஓட்டம், நிமிர்ந்த உட்காரல், ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்காத இருக்கை, இரண்டு பக்கமும் பெட்டி. ஸ்போர்ட் டூரிங் என்று அந்த வகைக்குப் பெயர். டீச்சர் மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து, செல்போன் திரையில் ஓட்டுகிறவனின் முழங்காலின் மேல் வைத்துப் பார்த்தார். தன் கால் எவ்வளவு மடங்குமோ அவ்வளவுதான் அந்தக் காலும் மடங்கியிருந்தது. அன்றிலிருந்து காத்திருந்தார். அந்த வண்டியில் ஏறி, ஊர் தாண்டி, மாநிலம் தாண்டி, பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறி மாறிக் கடைசியில் தனக்கு ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாத இடம் வரும்வரைக்கும் ஓட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். கம்பெனி பொங்கலுக்கு என்றது, சித்திரைக்கு என்றது, தீபாவளிக்கு என்றது. வண்டி வரவில்லை. காற்றுதான் வந்தது.

அந்த வாரத்துக்குள் காத்திருந்த மற்றவர்கள் மேலும் அடித்தது. போடியில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சப்பேர் இருந்தார்கள், ஞாயிறுதோறும் முந்தல் அடிவாரத்து டீக்கடையில் கூடி மூன்று கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறவர்கள். பெரிய கட்சி டீச்சரின் கேரவெல் கட்சி. அடுத்தது ஓரிக்ஸ் கட்சி. கேரவெல்லுக்குப் போட்டியாக இன்னொரு நாட்டிலிருந்து வரப்போவதாகச் சொன்ன, இன்னும் வேகமான, இன்னும் எடை குறைந்த வண்டிக்குக் காத்திருந்தவர்கள். பஸ் ஸ்டாண்டு அருகில் செல்போன் கடை வைத்திருந்த எடிசன் அதற்குத் தலைவர். மூன்றாவது, டெம்போரா என்ற இன்னொரு வண்டிக்குக் காத்திருந்த கட்சி, அதில் பல் மருத்துவர் இல்யாஸ் ஒருவர்தான் இருந்தார். காற்றை வைத்தே கட்சியைச் சொல்லிவிடலாம். கேரவெல் காற்று ஒரே சீராக நீளமாக வரும். ஓரிக்ஸ் காற்று குத்திக் குத்தி வந்து சட்டைப் பொத்தானைப் பிய்க்கும். டாக்டர் மேல் அடித்த டெம்போரா காற்றில் சூடான எஞ்சின் ஆயிலின் மணம் இருக்கும்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். முதலில் பயந்தவர்கள் இலவம்பஞ்சுக் கிடங்குக்காரர்கள்தான். காத்திருப்பவர் ஒருவர் தெரியாத்தனமாக உள்ளே நுழைந்து, ஒரு நாள் பிரித்த பஞ்சு முழுதும் எழுந்து மேகமாகித் தெருவில் இறங்கி, பஜனைக்குப் போனவர்களின் தலையெல்லாம் நரைத்துப்போன பிறகு, 'பைக் எதிர்பார்ப்போர் உள்ளே வரக்கூடாது' என்று ஒவ்வொரு கிடங்கிலும் எழுதி வைத்தார்கள். ஏலக்காய்க் கடைகளில் வேறு கதை. காய் பொறுக்குகிற பெண்கள், சருகும் தூசியும் பறக்கட்டும் என்று இவர்களைக் கூப்பிட்டு எதிரே காய்க்குவியலை வைத்து உட்காரச் சொன்னார்கள். ஆனால் காற்று குவியலுக்கு அப்பால் பிறக்காமல் இப்பால் பிறந்ததால் சருகு அசையவில்லை. பிறகு ஒரு பெண் யோசித்து, "திரும்பி உக்காருங்க சார், முதுகைக் காட்டி உக்காருங்க" என்றாள். அப்படி உட்கார்ந்ததும் காற்று அவர்களைக் கடந்து போய்க் காயைச் சுத்தமாகப் புடைத்துக் கொடுத்தது. டீச்சரின் வகுப்பில் பெண்கள் கரும்பலகையில் இன்னும் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அவர் பலகையைப் பார்த்துத் திரும்பியபோதெல்லாம் வகுப்பு முழுக்கக் குளிர்ந்தது. சித்திரை வெயிலில் தவளையின் இதயம் மூன்று முறை வரையப்பட்டது. கோயிலில் தட்டை நீட்டினால் கற்பூரம் அணைகிறது என்று குருக்கள் முகம் சுளித்தார். சாமிக்கு முதுகு காட்டி நிற்கவும் முடியாது என்பதால் பக்கவாட்டில் நின்று கும்பிடுவது என்று முடிவானது. இல்யாஸ் டாக்டர் பாடுதான் பாவம். நோயாளியின் வாய்க்கு நேரே குனிந்தால் வாயிலிருக்கும் வாடையெல்லாம் அவர் மூக்குக்கே வந்தது. அவர் இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டார், டெம்போராவை மட்டும் விடவில்லை.

கைக்குழந்தைக்காரிகள் காத்திருப்பவர்களின் முதுகுப்பக்கம் தொட்டில் கட்டினார்கள். தவசிலிங்கம் படுக்கையறை மின்விசிறியைக் கழற்றி மகள் அறைக்கு மாற்றினார். பெண் பார்க்க வந்த ஒரு பையன் தானும் கேரவெல்லுக்குத்தான் காத்திருப்பதாகப் பெருமையடித்தான். பெண் வீட்டார் அவன் நெற்றியைப் பார்த்தார்கள், எண்ணெய் வைத்து வாரிய முடி வாரினபடியே படிந்து கிடந்தது. மிக்சரும் காபியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாயால் சொல்வதற்கெல்லாம் அந்தக் காற்று வராது என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. மனசு கொஞ்சம் தளர்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். யாராவது ஓரிக்ஸின் புது வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தால் அன்று அவர் காற்று தடுமாறும். எடிசன் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

"என்ன கோகுல், உன் காத்து இன்னைக்குக் குத்துது? எங்க பக்கம் வர்றியா?"

கோகுல் என்பது வங்கியில் வேலை பார்த்த, கேரவெல் கட்சியிலேயே இளையவனான கோகுலகிருஷ்ணன். அவன் வெட்கப்பட்டுக் கேரவெல்லின் படத்தை எடுத்துப் பார்ப்பான். காற்று சீராகும்.

"அந்த வண்டியில எதுக்கு டீச்சர் அவ்வளவு பெரிய முன்கண்ணாடி?" என்று எடிசன் டீச்சரைச் சீண்டுவார். "பட்டனை அமுக்குனா கண்ணாடி மேல ஏறுமாம். ஏறுனா முகத்துல காத்தே படாது. காத்தே படாம ஓட்டுறதுக்கு பஸ்ஸுல போகலாமே. எடை வேற, ரெண்டு எருமை எடை."

"உங்க வண்டியில ஒரு மணி நேரம் உக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேர் வேணும் தம்பி. முதல்ல வண்டி வரட்டும், மேட்டுல பாத்துக்கலாம்" என்பார் டீச்சர்.

இப்படியே ஒரு வருடம் போய்ப் பங்குனி வந்தது. ஞாயிறு மதியம் கேரவெல் வருகிற தேதியை நேரலையில் அறிவிப்பதாக ஹெல்மர் கம்பெனி சொல்லியிருந்ததால், மூன்று கட்சியும் காலையிலேயே முந்தல் டீக்கடையில் கூடிவிட்டது. அன்று கேரவெல்காரர்கள் மேல் அடித்த காற்றைப்போல அதற்கு முன்னால் அடித்ததில்லை. பெஞ்சு நகர்ந்தது. டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை எடுத்து வைத்துவிட்டுச் சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். வடை பொட்டலத்துத் தாள்கள் சாலையோரம் ஓடிக்கொண்டே இருந்தன.

அப்போது மலைப்பாதையிலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்து நின்றது. தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றுகிற சுருளியாண்டி அதிலிருந்து குதித்தார். முகமெல்லாம் சாம்பல்.

"கருங்குருவிப்பாறைக்குக் கீழ காடு பத்திக்கிருச்சு" என்றார். "காஞ்ச புல்லு. தீ மேல ஏறுது. ஊர்ச்சனம் பூராவும் தீ தாண்டாம இருக்கப் புல்லைச் செதுக்கிக் கோடு போட்டுக்கிட்டு இருக்கு, ஃபாரஸ்ட்காரங்களும் இருக்காங்க, ஆனா மலைக்காத்து கீழயிருந்து மேல அடிக்குது. கோடு முடியுறதுக்குள்ள தீ வந்துரும். ஆளு வேணாம். உங்க காத்து வேணும்."

கருங்குருவிப்பாறை மலைச்சரிவில் இருந்த சின்னக் குடியிருப்பு. ஜீப் போகிற மண்பாதை ஓடைக்கரையோடு முடிந்துவிடும். அதற்கு மேல் நடைதான். அரிசி மூட்டையானாலும் பிரசவ வலி வந்த பெண்ணானாலும் தோளில்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். தீ வந்தால் அங்கிருந்து குழந்தைகளையும் கிழடுகளையும் இறக்க அந்த ஒற்றையடிப்பாதைதான் உண்டு, அதுவோ தீ ஏறி வருகிற பக்கமே இறங்கியது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல அறிவிப்பு..." என்று கோகுல் இழுத்தான். அவன் சொல்லி முடிக்கும் முன்பே டீச்சர் ஜீப்பின் முன் இருக்கையில் ஏறி, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். பைக்குகள் ஜீப்பின் பின்னால் வரிசையாக ஏறின.

ஓடைக்கரையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஒற்றையடிப்பாதையை விட்டுத் தீ எட்டாத பக்கமாகப் பாறைகளைச் சுற்றி ஏறினார்கள். டீச்சருக்கு ஒவ்வொரு கல்லும் ஒரு படி. இல்யாஸ் டாக்டர், "நீங்க ஜீப்லயே இருங்க டீச்சர், நாங்க பாத்துக்கிறோம்" என்றார். "உங்க டெம்போரா காத்து மூணு புல்லைச் சாய்க்குமா டாக்டரே?" என்றார் டீச்சர், மூச்சிரைக்க. ஹெல்மெட்டைத் தரையில் ஊன்றி, கையை அதில் ஊன்றி, காலை இழுத்து இழுத்து ஏறினார். மற்றவர்கள் அவருக்காக நிற்கக்கூடாது என்று விரட்டினார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது புகை நடுவே ஐம்பது அறுபது பேர் குனிந்து புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டியோடு முன்னால் நின்று எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தவள் நாகவள்ளி. அந்தக் குடியிருப்புக்காரி, ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள். இவர்களைப் பார்த்ததும் அவள் நலம் விசாரிக்கவில்லை.

"எங்களைப் பாத்து நில்லுங்க. தீயைப் பாத்து நிக்காதீங்க, பாத்தா காத்து எங்க மேலதான் வரும். முதுகு தீப்பக்கம் இருக்கணும்."

ஆளுக்கு ஆள் கை நீட்டும் இடைவெளி விட்டுச் சரிவின் குறுக்கே வரிசையாக நின்றார்கள், நனைத்த சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு, குடியிருப்பைப் பார்த்தபடி. என்ன வருகிறது என்று பார்க்க முடியாமல், பின்னால் மூங்கில் வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பிடரியில் சூட்டை வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் பிறந்த காற்று அவர்களைக் கடந்து கீழே இறங்கி, கேரவெல் காற்றும் ஓரிக்ஸ் காற்றும் ஆயில் மணக்கும் டெம்போரா காற்றும் ஒன்றாகச் சேர்ந்து, ஏறி வந்த தீயை நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதுபோலத் தள்ளியது. தீ எரிந்த நிலத்தின் பக்கமாகவே சாய்ந்தது. தின்பதற்கு ஒன்றும் இல்லாமல் அங்கேயே நின்று நின்று எரிந்தது. செதுக்குகிறவர்கள் இன்னும் வேகமாகச் செதுக்கினார்கள்.

பாதிக் கோடு முடிந்திருக்கும். அந்தச் சரிவுக்குப் போடி நேராகத் தெரியும், அதனால் செல்போனும் நன்றாக எடுக்கும். கோகுலின் சட்டைப் பையில் அது அதிர்ந்தது. அவன் எடுத்துப் பார்த்தான்.

பார்த்ததும் அவன் நெற்றி முடி மெல்ல வந்து கண்ணில் விழுந்தது.

"டேய், என்னடா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"வராதாம். நம்ம நாட்டுக்குக் கேரவெல் இல்லையாம். கம்பெனி முடிவு பண்ணிருச்சாம்."

அந்தச் சொல் வரிசையில் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்குப் போனது. போகப் போக ஒவ்வொருவர் காற்றும் நின்றது. சட்டைகள் உடம்போடு ஒட்டின. வரிசையின் நடுவில், கேரவெல்காரர்கள் நின்ற அகலத்துக்கு, ஒரு வாசல் திறந்ததுபோல ஆகிவிட்டது. கீழே காத்துக்கொண்டிருந்த தீ அதைக் கண்டுகொண்டது. மலைக்காற்றோடு சேர்ந்து அது எழும்பிய சத்தத்தில் செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"யாரு விட்டது?" என்று நாகவள்ளி கத்தினாள். "காத்தை யாரு விட்டது? மேல பிள்ளைங்க இருக்குதுங்க!"

மீனலோசனி டீச்சரின் முந்தானையும் சரிந்து தோளில் விழுந்திருந்தது. முதுகில் ஈரச்சாக்கு ஆவி விட்டது. முழங்காலில் இரும்பு சுட்டது. மூன்று வருடம் நீட்டி மடக்கிய கால், அந்த ஒரே ஒரு வண்டியின் அளவுக்கு மடங்கக் கற்றுக்கொண்ட கால். அழுகை வந்தது, அழ நேரமில்லை என்பதும் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திரையில் பார்த்ததையெல்லாம் முதலிலிருந்து பார்த்தார். கைப்பிடி, கால் வைக்கும் இடம், தூரத்தில் எழுத்து மாறுகிற பலகை.

"அனுப்பமாட்டேன்னு அவன் சொல்லிட்டான்" என்று சத்தமாகச் சொன்னார். "சரி. நான் காத்துக்கிட்டு இருக்கக்கூடாதுன்னு அவன் எப்படிச் சொல்லுவான்? எனக்கு அந்த வண்டி வேணும். வேற வேணாம். அதான் வேணும்."

அவர் முந்தானை எழுந்தது. முன்பு எப்போதும் அடிக்காத வேகத்தில் அவர் மேல் காற்று அடித்தது. நின்ற இடத்திலேயே அவரைச் சாய்க்கப் பார்த்தது. அவர் நல்ல காலைப் பின்னால் ஊன்றி நின்றார். ஆனால் ஓர் ஆளின் காற்று அந்த அகலத்துக்குப் போதவில்லை. மற்றவர்கள் தலை குனிந்து நின்றார்கள். கோகுல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வரிசையின் ஓரத்தில் இருந்து எடிசன் கத்தத் தொடங்கினார்.

"கோகுல், போனை உள்ள வைடா! அந்த வண்டியோட சீட்டைப் பாத்திருக்கியா நீ? சரியாப் பாத்திருக்கியா? முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவுல ஒரு திண்டு வச்சிருக்கான். மேட்டுல கியரைக் குறைச்சு முறுக்குனா நீ பின்னாடி வழுக்காம அந்தத் திண்டு பிடிச்சுக்கும். ஓரிக்ஸ்ல அது கிடையாது. நான் உங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல."

கோகுல் தலையைத் தூக்கினான்.

"செயின் கிடையாதுடா அதுல! எண்ணெய் போட வேணாம், இறுக்க வேணாம், மழையில மண்ணு ஏறாது. ராத்திரி பகலாப் போகலாம். டேங்க் ரொப்பிட்டு இங்கருந்து கிளம்புனா பெங்களூர் தாண்டித்தான் மறுபடி பெட்ரோல். முன்கண்ணாடியைக் கேலி பண்ணுனேன்ல? மழையடிக்கிறப்போ பட்டனை அமுக்குவ, அது தானா ஏறும், தொப்பல் தொப்பலா மத்தவன் நனைவான், நீ போய்க்கிட்டே இருப்ப. எடை அதிகம்னு சொன்னேன். ஆமா, அதிகம்தான். எதுக்கு அதிகம்? எதிர்ல லாரி கடந்து போறப்போ உன்னைத் தள்ளாம இருக்கத்தான். வளைவுல படுத்தா தண்டவாளத்துல போற மாதிரிப் போகும்டா..."

ஒரு வருடமாகக் குறை கண்டுபிடிப்பதற்காகவே அந்த வண்டியை ஆணி ஆணியாகப் படித்து வைத்திருந்த எடிசனுக்கு, அதைப்பற்றிக் கேரவெல் கட்சிக்காரர்களுக்கே தெரியாததெல்லாம் தெரிந்திருந்தது. புகையில் இருமிக்கொண்டே சொன்னார். எஞ்சின் குளிர்ந்த காலையில் எடுத்ததும் என்ன சத்தம் போடும் என்பதை வாயாலேயே போட்டுக் காட்டினார். ஒருவர் சட்டை ஆடியது. அடுத்தவர் முடி பறந்தது. கோகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாண்ணே, அந்தச் சத்தம், அந்தச் சத்தந்தாண்ணே" என்றான். அவன் நெற்றி திறந்துகொண்டது. வாசல் மெல்ல மெல்ல மூடியது. சொல்லிக்கொண்டே வந்த எடிசனின் குரல் நடுவில் ஒருகணம் தடுமாறியது. குத்திக் குத்தி அடித்துக்கொண்டிருந்த அவருடைய காற்று நின்று, நீளமாக, ஒரே சீராக அடிக்கத் தொடங்கியிருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைய ஏன்டா பாக்குறீங்க? முன்னாடி பாருங்க!" என்றார் எடிசன்.

அன்று பொழுது சாயும்வரை அப்படியே நின்றார்கள். கோடு முடிந்தது. தீ அந்த வெற்று மண் வரைக்கும் வந்து, தாண்டப் பார்த்து, முடியாமல் பாறைகளுக்கு நடுவே அவிந்தது. குடியிருப்பில் ஒரு கூரைகூடக் கருகவில்லை. டீச்சரின் முதுகில் சாக்கின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. இல்யாஸ் டாக்டருக்குப் பிடரியில் முடி இல்லை.

நாகவள்ளி எல்லாருக்கும் கருப்பட்டிக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நீங்க ஒரு வண்டிக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க, அதுக்கு உங்க மேல காத்தடிக்குது. நாங்க ரோட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கோம். எங்க ஆத்தா காலத்துல இருந்து. எங்க மேல ஏன் அடிக்கல?"

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். நாகவள்ளி காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு கீழே, ஓடைக்கரையில், ஜீப் நின்ற இடம் வரைக்கும் பார்த்தாள்.

"நாங்க காத்திருக்கல" என்றாள் பிறகு. "காத்திருக்கோம்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம். அவ்வளவுதான்."

ஓரிக்ஸ் சொன்ன தேதிக்கு மதுரை ஷோரூமுக்கு வந்து சேர்ந்தது. எடிசன் போய்ப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, ஓட்டியும் பார்த்துவிட்டு, வாங்காமல் பஸ்ஸில் திரும்பி வந்தார். டீக்கடையில் அவரை ஒருவரும் கேலி செய்யவில்லை. வராது என்று அறிவித்த ஹெல்மர் கம்பெனி மழைக்காலம் முடிந்தபோது வரும் என்று மாற்றி அறிவித்தது. ஏன் என்று சொல்லவில்லை, போடியில் யாரும் கேட்கவும் இல்லை. தை மாதம் கேரவெல் வந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்த அந்தந்த ஆள் மேல் அடித்துக்கொண்டிருந்த காற்று அந்தந்த நிமிடத்தில் நின்றது. ஏலக்காய்க் கடைப் பெண்கள் மறுபடி முறத்தைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். பஞ்சுக் கிடங்குகளில் எழுத்தை அழித்தார்கள். தவசிலிங்கம் கடைக்குப் போய்ப் புது மின்விசிறி வாங்கினார்.

மீனலோசனி டீச்சர் முழுப்பரீட்சை விடுமுறையில் கிளம்பினார். தெலுங்குப் பலகைகள் வந்தன, ஒடியா வந்தது, வங்காளம் வந்தது. ஒவ்வோர் எழுத்திலும் இரண்டொன்றை யாரிடமாவது கேட்டுக் கற்றுக்கொண்டுவிடுகிற பழக்கம் இருந்ததால், ஒன்றுமே வாசிக்கத் தெரியாத இடம் வந்து சேர அவருக்கு நினைத்ததைவிட அதிக நாள் பிடித்தது. மூக்கு உரிந்து, கால் வலியில்லாமல் மடங்கி, பதினோரு நாள் அழுக்குச் சட்டையோடு திரும்பி வந்தார்.

அவர் வருவதற்குள் கருங்குருவிப்பாறையில் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. முதலில் நாகவள்ளி மேல். தண்ணீர்க் குடத்தோடு ஏறி வரும்போது அடித்ததாம், சும்மாடு பறந்துவிட்டதாம். பிறகு அவள் புருசன் மேல், பிறகு அடுத்தடுத்த வீடுகளில். எழுந்திருக்கவே கஷ்டப்பட்டுப் படுத்துக்கிடந்த கிழவர்கள் மேல்கூட அடித்தது. போடிக்காரர்களின் பைக் காற்று மாதிரி இல்லை அது, இன்னும் கனமாக, மண்ணும் டீசலும் மணக்க, நெல் மூட்டை ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோலத் தணிந்து தணிந்து எழும்பி அடித்தது என்று சுருளியாண்டி வந்து சொன்னார். குடியிருப்பில் ஒரு விளக்கும் நிற்காததால் எல்லார் வீட்டிலும் சிம்னி போட்டுக்கொண்டார்கள்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை அவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். சுருளியாண்டியின் ஜீப்பும், இன்னும் இரண்டு ஜீப்பும், இடம் போதாமல் கேரவெல்களின் பின்சீட்டுகளுமாக மாவட்டத் தலைநகரில் மனு வாங்குகிற கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாகவள்ளி எடிசனின் பின்னால் உட்கார்ந்து போனாள். முறை வந்ததும் அவள் முன்னால் போய் நின்றாள், அவளுக்குப் பின்னால் மொத்தக் குடியிருப்பும் நின்றது. அதிகாரி கையை நீட்டி மனுவை வாங்கினார். அவள் புருசன் கூடத்தை ஒருதரம் பார்த்தான்.

"திரும்பி நில்லுங்க" என்றான்.

எல்லாரும் திரும்பி, அதிகாரிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். மேசை மேலிருந்த காகிதங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்தன. சுவர் நாட்காட்டி மார்கழி வரைக்கும் புரண்டது. உதவியாளர் ஓடிப்போய் ஜன்னல்களைப் பார்த்தார். அவை மூடித்தான் இருந்தன.

"எங்கருந்தும்மா வருது இந்தக் காத்து?" என்று அதிகாரி கேட்டார்.

"ரோட்டுல இருந்து சார்" என்றாள் நாகவள்ளி, திரும்பாமலே.

"எந்த ரோட்டுல இருந்து?"

"எங்க ஊருக்கு வரப்போற ரோட்டுல இருந்து."

அவர் மேசையோடு நெருங்கி உட்கார்ந்தார். பறக்கப் பார்த்த மனுவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.